திரையின் முதல் வரி

என் தொழிலை ஊர்காவற்றுறையில் யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் விறாந்தையில் கணினிக்கு முன்னால் இருந்து இணையப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். "இவன் சும்மாதான் இருக்கிறான், ஆனா அதுக்கும் ஆக்கள் கூப்பிடுகினம்" என்பதுதான் அப்பா ஊருக்குச் சொல்லும் விளக்கம். நானும் மறுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன், தீவுகளுக்கான படகுச் சேவைத் தளம் ஒன்று என்னிடம் வந்தது. கணினித் திரைக்கென்று யாரோ செய்தது. கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இரண்டு விரலால் பெருப்பித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளித்தான் படகு நேரத்தைத் தேட வேண்டும். அதைக் கைத்தொலைபேசிக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொன்னார்கள். ஓடிப்போய் வாங்கினேன். என் மனைவி நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதி. கிழமைக்கு ஒருமுறை அந்தப் படகில்தான் வீட்டுக்கு வருவாள்.

தளத்தை ஒப்படைத்த அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய படமும் வாழ்த்துச் செய்தியும் பக்கத்தின் உச்சியில் வரவேண்டும் என்றார். கணினியில் அது ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். கைத்தொலைபேசியிலோ திரை முழுக்க அவர் முகம்தான். "ஐயா, படகு ஓடுதோ எண்டு பாக்க வாற சனம் உங்களைத் தாண்டித்தான் போகவேணும்" என்றேன். அவருக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. நெடுந்தீவில் கிடைக்கிற சிக்னலுக்கு அவர் படம் வந்து சேர்வதற்குள் படகு போய்விடும் என்று சண்டை பிடித்த பிறகுதான் மனமில்லாமல் சம்மதித்தார்.

பக்கத்தைப் பரிசோதித்தவள் மனைவி. படகேற வரும்போதெல்லாம் துறையில் நின்று திறந்து பார்ப்பாள். கடல்தண்ணீர் தெறிக்கும் என்று தீவுச் சனம் தொலைபேசியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டுதான் திரியும். அவளும் அப்படித்தான். பைக்கு மேலால் குத்தினால் என் வடிவான சின்னப் பொத்தான்கள் ஒன்றும் மசியவில்லை. என் சாம்பல் நிற எழுத்துகள் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. "வீட்டுக்குள்ள இருந்து வடிவு பாத்துச் செய்திருக்கிறீங்கள். இஞ்ச வந்து வெயிலுக்க நிண்டு பாருங்கோ" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கலைத்தேன். பொத்தான்கள் போயின. உச்சியில் பெரிய கறுப்பு எழுத்தில் ஒரே வரி: படகு ஓடும், அல்லது படகு ஓடாது. அதற்குக் கீழே நேரம்.

அந்த முதல் வரியைத் தினமும் மாற்ற வேண்டியவர், நெடுந்தீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறையில் இருந்த உத்தியோகத்தர். இரண்டு தரம் பழக்கினேன். "தம்பி, உந்தக் கடவுச்சொல் விளையாட்டெல்லாம் எனக்கு ஏலாது. நான் சொல்லுறன், நீர் போடும்" என்று கையை விரித்துவிட்டார். அதன்பிறகு காலையில் அவர் தொலைபேசியில் எடுத்துச் சொல்லுவார், நான் வீட்டிலிருந்து எழுதுவேன். படகு ஓடுவதும் ஓடாததும் என் விறாந்தையிலிருந்துதான் ஊருக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல்நன்மை வந்தது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெறும் நாள் எங்கள் வீடுகளில் ஒரு கலியாணம் மாதிரி. வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்கவிட்டிருந்தோம். மனைவி அடுத்த கிழமை இன்னொரு தாதியின் கடமையையும் தான் பார்ப்பதாகச் சொல்லி லீவை மாற்றிக்கொண்டு, சனிக்கிழமைப் படகில் வருவதாக இருந்தாள். அந்தக் கிழமைதான் கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்று பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை உத்தியோகத்தர் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கு ஓடாது. நாளைக்கும் ஓடாது எண்டு போடும்."

முதலில் அவளிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்று அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அதற்குள் எத்தனை பேர் பஸ் ஏறியிருப்பார்களோ, பிந்தவும் ஏலாது. எழுதினேன். பின்னால் நின்று மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்பா, நீங்கள்தானே இதை எழுதுறனீங்கள். ஓடும் எண்டு மாத்திவிடுங்கோவன்."

அவள் பகிடி விடவில்லை. நான் எழுதுவதால்தான் படகு ஓடுகிறது என்று நம்பியிருந்தாள். அவ்வளவு பெரிய ஆளாகவும் அவ்வளவு ஒன்றுக்கும் உதவாதவனாகவும் நான் ஒருநாளும் என்னை உணர்ந்ததில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மனைவி எடுத்தாள்.

"பாத்தனான்" என்றாள். "பிள்ளையும் பாத்திட்டாளோ?"

"ஓம்."

அவள் அழுதாள்.

"அம்மா இல்லாமல் நான் நன்மை எடுக்கமாட்டன்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். ஏச்சு வாங்கத் தயாராக அவளைக் கோயில் சுவாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளைத்தான் விசாரித்தார், என்னை அல்ல. "ஆண்டவருக்கு அவசரமில்லை. அம்மாவுக்கு லீவு இல்லையெண்டால், அடுத்த கிழமை அம்மாவிட்டப் போய் நெடுந்தீவுக் கோயில்ல எடுக்கட்டும். அங்கத்தைய சுவாமியோட நான் கதைக்கிறன்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க மகள் முகம் கழுவ முன்னமே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஓடாது. நானே எழுதிய வரியை நானும் அவளோடு குந்தியிருந்து பார்த்தேன், யாரோ வேறொருவர் மாற்றிவிட்டிருப்பார் என்பது போல. சனிக்கிழமை விடிய உத்தியோகத்தரின் அழைப்பு வந்தது.

"தம்பி, காத்து விழுந்திட்டுது. மத்தியானம் கழிச்சு ஓடும்."

இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. மகள் பக்கத்தில் நின்று துள்ளினாள். பிறகு வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்து, ஆறுதலாகச் சாப்பிட்டு, பஸ் ஏறிக் குறிகட்டுவான் போனோம். படகு மத்தியானம் கழித்துத்தான் வெளிக்கிட்டது. கடல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள், ஆனால் அழவில்லை.

நெடுந்தீவுத் துறையில் மனைவி நின்றாள். இரவுக் கடமை முடித்த உடுப்போடேயே நின்றாள். முகம் வெயிலில் கறுத்து, உதடு காய்ந்துபோயிருந்தது. மகள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எப்ப வந்தனீர்?" என்றேன்.

"நீங்கள் போட்ட உடன."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடியவோ? அதுக்குக் கீழ நேரம் போட்டிருக்கிறன். மத்தியானம் கழிச்சுத்தான் வரும் எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. பாக்கேல்லையோ?"

"நேரத்தை ஆர் பாத்தது?" என்றாள், மகளின் தலையைத் தடவியபடி. "ஓடும் எண்டு கிடந்தது. வந்திட்டன்."