கண்ணாடிக்குள் போன பிள்ளையார்

டீசல் வாடையும் வெண்ணெயில் ரொட்டி வாட்டும் வாடையும் ஒன்றாய் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஏற்காட்டில் என் பெயர் எழுதிய வேன் நான்கு ஓடுகிறது, ஒருத்தன் தயவும் இல்லாமல் வாங்கியவை.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். கட்டிலும் அடுப்பும் உள்ளேயே வைத்த வேனில் ஒரு வெள்ளைக்கார ஜோடி எங்கள் மலைக்கிராமமான செம்மநத்தத்தில் வந்து தங்கியது. வீட்டை ஊடு என்னும் எங்கள் ஊரே அதை "ஊட்டு வண்டி" என்றது. காய்ச்சலில் கிடந்த என் தங்கையை, அம்மாவோடும் என்னோடும் அவர்கள்தான் ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். டாக்டர் மருந்து கொடுத்து, மூன்று நாள் பார்க்கலாம் என்றார். திரும்பும் வழியில், பழைய எஸ்டேட் பங்களாவில் இருந்த சின்ன அருங்காட்சியகத்தைப் பார்க்க அவர்கள் இறங்கினார்கள். வேனுக்குள் டீசலும் ரொட்டியும் கலந்த வாடையில் தங்கைக்கு மூச்சு முட்டியதால் அம்மாவும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு வழுவழுப்பான கற்கள், ஆளுக்கொரு நம்பரோடு. உழும்போது கிடைக்கும் அந்தக் கற்களை மரத்தடியில் வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுவது எங்கள் மலை வழக்கம். எங்கள் காட்டுப் பிள்ளையார் காணாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது; அதனால்தான் காய்ச்சல் வந்தது என்று அம்மா நம்பினாள்.

"ஏஞ்சாமி, இங்க வந்தா உக்காந்துட்ட?" என்றாள். பிறகு காவல்காரரிடம், "ஏனுங்க, எடுத்துக்கிட்டுப் போக மாட்டனுங்க. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, அதப் புள்ளைக்குக் குடுத்துட்டுப் போயர்றனுங்க" என்றாள்.

"அது சாமி இல்லீங்கம்மா, அந்தக் காலத்து மனுசங்க செஞ்ச கல்லுக் கோடாலி. சாவி ஆபீசர்கிட்ட இருக்குது. புதன்கிழமைதான் வருவாருங்க."

அம்மா ரசித்துப் பார்க்கிறாள் என்று நினைத்து வெள்ளைக்காரர் போட்டோ எடுத்தார்.

அந்த ஆபீசரின் வீடு ஏற்காட்டிலேயே, ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பு அவர் கேட்டு, கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டியதும், எங்கள் காட்டுப் பிள்ளையாரையும் சேர்த்துக் கற்களைக் கூடையில் போட்டு அங்கே சுமந்துபோனவனே நான்தான். வாய் திறந்திருந்தால் அம்மா அன்றைக்கே அந்த வாசலில் போய் விழுந்து சாவி வாங்கியிருப்பாள். அடிக்குப் பயந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை தங்கை போய்விட்டாள்.

அருங்காட்சியகத்தை மூடி எத்தனையோ வருஷமாகிறது. கற்கள் எங்கே போயின என்று ஆபீஸ் ஆபீசாகக் காரில் போய்க் கேட்டேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், விவரம் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டில் படுத்துக்கொண்டும், "நம்மகிட்ட என்ன கொற கண்டு அந்தப் புள்ளையாரு போனானோ, கண்ணு" என்று என்னிடமேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம், பதில் தெரியாமலே அவளும் போய்ச் சேர்ந்தாள்.