டச்சப் அக்காவும் அகச்சிவப்புக் கேமராவும்

பதினெட்டு வருஷமாக ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கணினி முன் உட்கார்ந்து, படங்களில் ஊரார் பருக்களையும் வடுக்களையும் மௌஸால் துடைத்தவள் டச்சப் அக்கா. தெருவில் எதிரே வருகிறவர்களை அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. இடது கன்னத்து மருவைச் சொன்னால் தெரியும்.

ஸ்டுடியோ அவளுடைய அக்கா புருஷனுடையது. அத்தானுக்கு அடிக்கடி ஞானோதயம் பிறக்கும். ஒருநாள் பழைய கேமரா ஒன்றைப் பிரித்து மாற்றிக்கொண்டு வந்தார்.

"இது அகச்சிவப்புக் கேமரா. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல படம் எடுக்கும். பரு, கரும்புள்ளி எதுவும் விழாது. தோல் பளிங்கு மாதிரி வரும். இனிமே டச்சப்பே வேணாம்!"

"அப்போ நான்?"

"வீட்ல அக்காவுக்கு ஒத்தாசையா இரேன். எத்தனை நாள்தான் நீயும் கஷ்டப்படுவே?"

பதினெட்டு வருஷம் கழித்து வந்த கரிசனத்தில் அவளுக்குப் புல்லரித்தது. அக்காவுக்கு ஒத்தாசை என்றால், இனி பாத்திரங்களுக்கு டச்சப். தானே தைத்துப் போட்டிருந்த நாற்காலி மெத்தையை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

அவள் கிளம்புமுன்பே வந்து, புதுக் கேமராவுக்கு முதலில் வாய்த்தவர் ஓய்வுபெறப்போகும் பெரிய அதிகாரி. மறுநாள் அலுவலகச் சுவரில் மாட்டப் படம் வேண்டும். கறுப்புக் கோட்டு, சாயம் பூசிய தலை, கறுப்புக் கண்ணாடி. கூட்டங்களில் அந்தக் கண்ணாடியோடு மூன்று மணி நேரம் அசையாமல் கேட்பாராம். அந்தப் பொறுமைக்கே இரண்டு முறை பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள்.

அத்தான் கேமராவின் சின்னத் திரையில் கன்னத்தை மட்டும் பார்த்துப் பூரித்தார். "அப்படியே இருங்க சார். அசையாதீங்க சார்."

சார் அசையவே இல்லை.

அவர் போனபின் படம் கணினியில் விரிந்தது. கன்னம் பளிங்குதான். ஆனால் அந்த வெளிச்சத்துக்குச் சாயக் கறுப்பெல்லாம் ஒரு பொருட்டில்லை போல: கோட்டு வெளுத்திருந்தது, தலை வைக்கோலாகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோ சுத்தமாகத் தெளிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இமைகளை இறுக மூடி, சார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்த பதினோரு படத்திலும் அதே தூக்கம்.

"மறுபடி வரச் சொன்னா ஏன்னு கேப்பாரே!" அத்தான் முகம் எந்தக் கேமராவும் இல்லாமலே வெளுத்தது. "அம்மாடி, கொஞ்சம் உக்காரேன்."

அவள் பையிலிருந்து மெத்தையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை காலம் கறுப்பை எடுத்தவள், கோட்டுக்கும் தலைக்கும் கறுப்பை வைத்தாள். கண்ணாடிக்கு வரும்போது படம் வாங்க அதிகாரியின் மனைவி வந்து நின்றார்.

"கொஞ்சம் இரும்மா!" அந்த அம்மாள் திரையை உற்றுப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமா நான் பேசறப்பல்லாம் இதை மாட்டிக்கிட்டு, 'சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்'ம்பார். இப்படித்தான் கேட்டாராக்கும்!"

"கறுப்பாக்கிடறேம்மா," என்றாள் டச்சப் அக்கா மெதுவாக.

"ஆபீசுக்குக் கறுப்பாக்கு. எனக்கு இதே மாதிரி ஒண்ணு போடு, நல்லாப் பெருசா. வீட்டு வாசல்ல நுழைஞ்சதும் தெரியணும்."

அடுத்த வாரமே இன்னும் மூன்று அதிகாரிகளின் மனைவிமார் வந்து, "கண்ணாடிக்குப் பின்னால இருக்கறதை எடுக்கற கேமரா இங்கதானே?" என்று விசாரித்தார்கள். எல்லாருக்கும் இரண்டிரண்டு படம்: சுவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

"இதுக்குத்தான் அன்னிக்கே இந்தக் கேமராவைப் பிரிச்சு மாத்தினேன்," என்றார் அத்தான்.

டச்சப் அக்கா தலையாட்டினாள். பிறகு ஊசி நூலை எடுத்து, மெத்தையை நாற்காலியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.