துட்டிக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்

என் மூத்த மகன் கல் குவாரியில் பாறை சரிந்து செத்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். அதை அப்படியே ஒருவர் படமாக எடுத்தார். சென்னைக்காரர். விவரம் கேட்டு நாலு தடவை வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் பதில் சொன்னேன்.

"ஊர் சனம் பார்த்துப் பேச ஆரம்பிச்சாலே குவாரியை மூடிடுவாங்கம்மா" என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் மகன் போட்டோவைக் கொடுத்தேன். மூத்தவன் போன இடத்துக்கு இளையவனைத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். தினமும் அதே குழிக்குள்தான் அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

தென்காசியில் படம் வந்தபோது நல்ல சாரல். குற்றாலத்துக்கு வந்த கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. அதில் கால்வாசிப் பேர் வந்தாலும் போதும் என்றிருந்தேன். அவர்களோ இன்னொரு தியேட்டரில் ஓடிய சிரிப்புப் பேய்ப் படத்துக்குப் போனார்கள். லீவு போட்டுக் குளிக்க வந்தவர்களை என்ன சொல்ல? எங்கள் தெரு வரும் என்று நம்பினேன்.

குழாயடியில் பக்கத்து வீட்டு மதினியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"படத்துக்கு வரலியா மதினி?"

"நல்லாக் கேட்டிய. துட்டி வீட்டுக்கு எவளாவது டிக்கெட் எடுத்துட்டுப் போவாளா?"

குடத்தோடு நின்ற இன்னொருத்தி, "பாத்துட்டு வந்து தலைக்கு வேற ஊத்தணும். அதுக்கு நேரா அருவிக்கே போயிரலாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் கல்நெஞ்சக்காரிகள் இல்லை. என் மகனுக்குப் பதினாறு நாளும் வந்து அழுதவர்கள். ஆனால் சாவு வீட்டில் ஒரு தடவை போய்க் கேட்டு முடித்த துட்டியை எங்கள் பக்கத்தில் மறுபடி கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி. நடந்த கதை என்பதால் நடந்த ஊர்தான் முதலில் வரும் என்று படம் எடுத்தவர் கணக்குப் போட்டார். நடந்த கதை என்பதால்தான் ஒருத்தரும் வரவில்லை.

நான் போனேன். "வேண்டாம்மா" என்றான் இளையவன். உனக்காகத்தான் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பகல் காட்சி. பத்துப் பேர்கூட இல்லை. பாறை சரிகிற இடத்தில் பாட்டு இல்லை, மேளம் இல்லை. "நகருலே" என்று ஒரு குரல், பிறகு வெறும் தூசி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை பின்னால் குவாரி மேனேஜர், அவரோடு ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர். திரையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி இல்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மேனேஜர் எழுந்து என் பக்கம் வந்தார்.

"ஆச்சி, தனியாவா வந்திய? கார்ல கொண்டு விடச் சொல்லட்டா?"

"வேண்டாம்யா."

"சரி. சின்னவன்ட்ட சொல்லுதேன், ஆச்சிய இங்கன பாத்தேன்னு."

எழுந்து போகவும் பயமாக இருந்தது. மீதிப் படம் முழுக்க என் பிடரிக்குப் பின்னால் அவர்கள் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். சென்னைக்காரர் போன் பண்ணினார். "பொய் ஒண்ணுகூட சேர்க்கலையேம்மா, ஏன் ஓடலை?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "தெரியலய்யா" என்றேன்.

அன்று சாயங்காலம் இளையவன் வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"வேலைய மாத்திட்டாவம்மா. நாளையில இருந்து அடித்தட்டுல, வெடி வைக்கிற எடத்துல."

"போவாதலே."

"போவாம?"

நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அவன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தான்.

காலையில் அவன் கிளம்பியபோது மதினி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கையில் வாளியோடு, அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.