கொடுவா இழுத்த விரல்

எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் ஆரணியில் ஆறு இருக்கிறது என்று பெயர். நான் பார்த்தவரை அதில் மணல்தான் இருந்தது. இந்த லட்சணத்தில் எழுபதுகளின் ஒரு சித்திரை மாதம், அப்பா, அம்மா, நான் மூவரும் மெட்ராஸையும் தாண்டி வடக்கே போய்ப் பழவேற்காடு ஏரியில் படகு ஏறினோம். பொன்னேரியில் சைக்கிள் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பூநாரை காட்டுகிறேன், மீன் பிடிக்கக் கற்றுத்தருகிறேன் என்று ஓயாமல் கடிதம் போட்டிருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊர் திரும்பியதும் அக்காவைப் போலவே பள்ளியை நிறுத்திவிட்டுப் பாவு பிணைக்க உட்கார வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கி இணைக்கும் வேலை அது. இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் அப்பா சொன்னதற்கு அம்மா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை.

படகு கரையை விட்டதும் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். எல்லாப் பக்கமும் தண்ணீர். அம்மாவின் முந்தானையை நான் விடவேயில்லை. தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"அதெல்லாம் பறவைங்கதான். முக்கால்வாசி கிளம்பிப் போயிடுச்சு, இது மிச்சம்" என்றார் மாமா.

அவர் நைலான் நரம்பில் தூண்டில் முள் கட்டுவதைப் பார்த்து அப்பா சிரித்தார். மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். பாவுப் பட்டில் இருபது இழை சேர்த்து அவரே முறுக்கியது.

"உன் நரம்பு அறுந்தாலும் அறுந்துடும் மச்சான், இது அறுவாது" என்று சொல்லி, இறால் குத்திய முள்ளைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியை என் வலது ஆள்காட்டி விரலில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "மீன் தொட்டா விரலுக்குத் தெரியும். இழை வேலைக்குப் போற விரலு, கத்துக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் விரலை யாரோ கிள்ளியது போலிருந்தது. அடுத்த நொடி கை முழங்கை வரை தண்ணீருக்குள் இழுபட்டுப் போனது. செத்தோம் என்றுதான் நினைத்தேன். நான் அலறியதில் எல்லாரும் என் பக்கம் பாய, படகு சாய்ந்தது.

"எழுந்திரிக்காதீங்க, கவுந்துடும்!" என்று கத்தினார் படகுக்காரர். கத்தி அவர் இடுப்பில் இருந்தது. அவரோ படகின் அந்தக் கோடியில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அப்பா என் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். தறிக்காரர் போடும் முடிச்சு நனைந்தால் இன்னும் இறுகும். விரல் நீலமாகிவிட்டது, ரத்தம் வேறு. "இரு, இரு, அவுத்துடறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அறுக்கலாம் என்பது அந்தக் கைகளுக்குத் தோன்றவேயில்லை. அம்மாதான் குனிந்து, பட்டு இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எங்கள் கூச்சலில் ரோஜாக் கோடு முழுவதும் எழும்பி வானத்தில் பறந்தது. பார்க்கப் போன காட்சி அதுதான், யாரும் பார்க்கவில்லை. "கொடுவா மீனு. ஆறு கிலோ இருக்கும்" என்று மாமா மட்டும் தண்ணீரைப் பார்த்து வருத்தப்பட்டார்.

பொன்னேரி டாக்டரிடம் அம்மா என்னை உள்ளே கூட்டிப்போனாள். கட்டுப் போட்ட பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் ஏதோ கேட்டாள். வெளியே வந்ததும் அப்பாவைப் பார்த்து, "உள்ள நரம்பு போயிடுச்சாம். இழை வேலைக்கு இனிமே ஆவாதாம்" என்றாள். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆறு வாரம் அந்தக் கட்டோடு இருந்தேன். உள்ளே விரல் செத்துக் கிடக்கிறது, ஒருநாள் கட்டோடு கழன்று விழுந்துவிடும் என்று பயந்துகொண்டே சாப்பிட்டேன். ஒரு மத்தியானம் கட்டுத் தளர்ந்திருந்தது. மெல்ல மடக்கினேன். மடங்கியது. சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. சட்டென்று என் விரலைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். மறுபடி முன்னைவிட இறுக்கமாகக் கட்டினாள். மடங்குவதுதான் கெட்ட அறிகுறி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. "விரல் போன பொண்ணு, படிச்சாவது பொழைக்கட்டும்" என்று அப்பாவே போய் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தார். முதல் நாள் அம்மா கூட வந்தாள். பள்ளிச் சுவரோரம் நிறுத்திக் கட்டை அவிழ்த்தாள், பென்சிலை விரலிடுக்கில் வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"யாரு கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லு. சாயங்காலம் இங்கயே நிக்கறேன், கட்டிக்கினு வூட்டுக்குப் போவலாம்."

துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் ஓவென்று அழுதேன். செத்த விரலை வைத்துக்கொண்டு என்னை எழுதச் சொல்கிறாளே, இவளுக்கு என்மேல் இரக்கமே இல்லையா என்று அழுதேன்.