மேலேயிருந்து வந்த மாடும் ரோஷன் பேகத்தின் இன்சூரன்ஸும்

வட்டக்கானலில் ரோஷன் பேகம் வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடைக்கானல் பஜார் கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் அப்துல் குத்தூஸ் அதே பஜாரில் ஸ்வெட்டர் விற்கிறார். ஊரில் குளிர் இருக்கிறவரை குத்தூஸுக்குக் கவலை கிடையாது. ரோஷன் பேகம் அப்படியில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பார். பிறகு, தான் பார்த்தது சரிதானா என்று பார்க்கக் கணவரை அனுப்புவார்.

வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, வீட்டை இன்சூர் செய்தாக வேண்டும் என்றது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு பீரோவுக்குள் தள்ளிவிடும் அந்தப் பாலிசியை ரோஷன் பேகம் வரிவரியாகப் படித்தார். தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம். தன்னைப் போலவே சதா பயந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. மனசு நிறைந்துவிட்டது.

"என்னங்க, ஏரோப்ளேன் வந்து விழுந்தாக்கூட பணம் உண்டாம்."

"இங்க பஸ்ஸே ஒழுங்கா வரமாட்டேங்குது. ஏரோப்ளேன் வரப்போகுதாக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் ஏஜென்ட் சந்தோஷ்குமாருக்குப் போன் போகும். பால் பொங்கி வழிந்தது. குரங்கு பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. குத்தூஸ் உட்கார்ந்து நாற்காலி ஒடிந்தது.

"நாற்காலிக்கு வராதுங்க பாயம்மா. நீங்க எடுத்தது கட்டடத்துக்கு மட்டுந்தான். உள்ள இருக்க சாமானுக்குத் தனியா எடுக்கணும்."

"பாய்க்கு இடுப்புல அடி பட்டுருச்சுங்க."

"பாய் கட்டடமும் இல்ல, சாமானும் இல்லைங்க. அவருக்கு வேற பாலிசி இருக்கு, சொல்லவா?"

ரோஷன் பேகம் போனை வைத்துவிட்டார்.

அவர்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையும் சமையலறையின் தகரக் கூரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஐப்பசியில் ஒரு நாள் வெள்ளனே மூடுபனி இறங்கி, பாதை எது கூரை எது என்று தெரியாமல் கிடந்தது. மேய்ந்துகொண்டே வந்த இளம் காட்டுமாடு ஒன்று கூரையின் மேல் நாலு எட்டு வைத்தது. கூரை அதைத் தாங்கவில்லை.

கூடத்தில் சாக்லேட்டுகளுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்த ரோஷன் பேகம் இடி விழுந்ததாகத்தான் நினைத்தார். எட்டிப் பார்த்தால், சமையலறை நடுவே மாடு. கொம்பில் சல்லடை தொங்கியது. வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்பதுபோல் அது ஆறவைத்திருந்த சாக்லேட்டை நக்கத் தொடங்கியிருந்தது.

குத்தூஸ் இடுப்பில் துண்டோடும் கையில் குளியல் மக்கோடும் ஓடி வந்தார். "யா அல்லா! ரோஷனு, வெரசா வெளிய வா!"

"இருங்க, பாலிசிய எடுத்துக்கிறேன்!"

"மாடு நிக்குதுடி!"

"அது எந்தப் பக்கமா வந்துச்சுன்னு நல்லாப் பாத்துக்கங்க, கேப்பாங்க!"

பக்கத்து வீட்டுப் பொன்னுவேல் சத்தம் கேட்டு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தகர டப்பாவைத் தட்டினார். மிரண்ட மாடு கூடம் வழியாகப் பாய்ந்தது. வாசற்கதவு அதன் அகலத்துக்குப் போதவில்லை. நிலையைப் பெயர்த்துக்கொண்டு சோலைக்குள் போய் மறைந்தது.

இரண்டு நாள் கழித்து கம்பெனி அனுப்பிய சர்வேயர் சுசித்ரா வந்து கூரையின் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

"மாடு நடந்து உள்ள வந்துச்சா, மேலேருந்து விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க மேடம். இந்தா ஆகாசம் தெரியுதே."

"அப்ப சரி. வெளியிலிருந்து ஒண்ணு வந்து மோதுனா கூரைக்கு உண்டு." பிறகு கதவைப் பார்த்துத் தயங்கினார். "ஆனா இத உள்ள இருந்துல்ல இடிச்சிருக்கு?"

ரோஷன் பேகத்துக்கு முகம் வாடிவிட்டது. குத்தூஸ் தொண்டையைக் கனைத்தார்.

"அது எங்க மாடு இல்லைங்களே. உள்ள நின்னாலும் அது வெளி ஆளுதான். விருந்தாளி ஒரு மாசம் தங்குனாலும் வீட்டாளு ஆயிருவாகளா?"

சுசித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே யாரோ மாடு எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று கேட்டார்கள்.

"ஒரு ட்ரே சாக்லேட் திங்குற நேரம்," என்றார் ரோஷன் பேகம்.

விழுந்ததும் வெளியேறியதும் ஒரே சம்பவம்தான் என்று கடைசியில் அங்கே ஒப்புக்கொண்டார்கள். கூரைக்கும் கதவுக்கும் உண்டு. மாடு விழுந்து நொறுங்கிய மிக்ஸிக்குக் கிடையாது, சாமான் பாலிசி இல்லை. சாக்லேட்டுக்கும் கிடையாது. அது விற்பனைச் சரக்கு, வீட்டுப் பாலிசியில் வராது.

"வீட்டுலதான செஞ்சேன்?" என்றார் ரோஷன் பேகம்.

"விக்கத்தான செஞ்சீங்க?" என்றார் சுசித்ரா.

 கூரை போட்டு முடிகிறவரை ரோஷன் பேகம் அந்தச் சாக்லேட்டுக்காக வருத்தப்பட்டார். திராட்சை போட்டதாம், ரொம்ப நன்றாக வந்திருந்ததாம்.

புதுக் கூரை வந்தது. பாதையோரம் குத்தூஸ் வேலி போட்டார். சாமானுக்கும் சரக்குக்கும் தனித்தனிப் பாலிசிகளோடு சந்தோஷ்குமார் நேரிலேயே வந்தார். பொன்னுவேலும் கூடவே நுழைந்து, தன் மச்சினன் வந்து தங்கியிருப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்காது என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ரோஷன் பேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுப் பாலிசியின் முதல் பக்கத்தைத் திருப்பினார். நாற்பது பக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று குத்தூஸ் கேட்டார்; ரோஷன் பேகம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். குத்தூஸே எழுந்து போய் ரவையை வறுத்தார்.