சாக்பீஸ் எடுக்க மறுத்த லாரி

லாரி ஷெட்டில் அவருக்குச் 'சாக்பீஸ்' என்று பெயர். ஐம்பத்தாறு வயதில் ஒரு நாள்கூட அவர் வாத்தியார் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு வெள்ளைச் சாக்பீஸ் எப்போதும் கிடக்கும். துவைக்கும்போது அது கரைந்து மற்ற துணிகளையும் பாழாக்குகிறது என்று மனைவி முப்பது வருடமாகத் திட்டுகிறார். மனுஷன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

அவர் ஓட்டும் லாரிக்குப் பத்தொன்பது வயது. காலையில் வந்ததும், பிரேக்கை இயக்கும் காற்று டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்துவிடுவார். வெறும் தண்ணீர் வந்தால் சரி. எண்ணெய் கலந்து வந்தால் காற்றடைக்கும் கம்ப்ரஸர் படுக்கப் போகிறது என்று அர்த்தம். வால்வை மூடி, எஞ்சினை ஓட்டிக் காற்று நிரப்பி, அணைப்பார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பார். பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் பிரேக் கம்பியில், அது காற்றுக் குடுவையிலிருந்து வெளியே வரும் இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். பிரேக் பெடல் அழுந்தி நிற்க, அதற்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கம்பை முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி கீழே போய்ப் படுப்பார். கோடு இரண்டு விரற்கடைக்கு மேல் நகர்ந்திருந்தால் வண்டி நகராது. அவ்வளவுதான் சட்டம்.

மற்ற டிரைவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது இவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்குப் பிரசவம் பார்க்கிறார் என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். முப்பத்து நாலு வருடத்தில் அவர் வண்டி எதன் மீதும் மோதியதில்லை. நடக்காத விபத்துக்கு யாரும் கைதட்டப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை.

அன்று காலை லாரி ஓடு ஏற்றி நின்றது. ஷெட் மேட்டின் உச்சியில். இறக்க வேண்டிய இடம் கீழே. ஐந்து கிலோமீட்டர் ஒரே இறக்கம், அது முடிகிற வளைவில் சந்தை. இடது பின்சக்கரத்துக் கோடு மூன்றரை விரற்கடை வெளியே வந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்து டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. டிரம்மின் ஓரத்தைத் தடவியபோது நகம் ஒரு விரிசலில் மாட்டியது. எழுந்துவந்து கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி இன்றைக்குப் போகாது என்றார்.

முதலாளி வேறு யாரும் இல்லை, மனைவியின் ஒரே தம்பி. லைனிங் மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகச் சாக்பீஸ் நச்சரித்துக்கொண்டிருந்தார். அடுத்த டிரிப் முடியட்டும், அடுத்த டிரிப் முடியட்டும் என்று முதலாளி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். இப்போதும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு சுற்று டைட் வைத்தால் போதுமே என்றார். போதும், ஷெட் வாசலைத் தாண்டும் வரைக்கும் போதும் என்றார் சாக்பீஸ். இறக்கத்தில் மிதித்து மிதித்து டிரம் சூடேறும். சூடேறினால் விரியும். தேய்ந்த லைனிங் அதை எட்டிப் பிடிப்பதற்குள் கம்பி தன் எல்லைக்குப் போய் நின்றுவிடும்.

"காலைல பிரேக் பொய் சொல்லும் மச்சான். பாதி இறக்கத்துலதான் உண்மையைப் பேசும்."

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை பேர் பார்க்க ஒரு டிரைவர், அதுவும் அக்கா புருஷன், தன்னை எதிர்த்து நிற்பதா?

"பயமா இருந்தா விலகிக்குங்க மாமா. நானே ஓட்டிட்டுப் போறேன். நாளையிலேருந்து நீங்க வரவே வேணாம்."

சொன்னதோடு நிற்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். சாக்பீஸ் வண்டியருகே ஓடினார். வேலை போனால் போகிறது, இன்னொரு ஷெட் கிடைக்கும். இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவள் இன்னொரு தம்பிக்கு எங்கே போவாள்? அவர் படியில் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, பெடலை மிதித்து மிதித்து விடச் சொன்னார். மச்சான் வீம்புக்கு மிதித்தார். காற்றின் அளவு காட்டும் ஊசி இறங்கிக்கொண்டே வந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இல்லையே."

"கேக்கணும். காத்து இவ்வளவு குறைஞ்சா பஸ்ஸர் அலறணும். அந்த ஒயரை அறுத்தது நான்தான். இறக்கத்துல காத்து தீர்ந்தாலும் உனக்குத் தெரியாது."

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை அது. ஷெட்டின் பின்சுவர்தான் அவர் வீட்டுச் சமையலறைச் சுவர். காற்று நிரம்பும் வரை தினமும் விடிந்தும் விடியாததுமாகப் பஸ்ஸர் அலறும். அந்தச் சனியனை ஏதாவது பண்ணித் தொலைங்க என்றார் மனைவி. ஊசியைத்தான் நான் பார்க்கிறேனே, எனக்கெதற்குப் பஸ்ஸர் என்ற மிதப்பில் கட்டிங் பிளேயரை எடுத்தார். ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மனுஷன் செய்த காரியம் இது. வேறொருவர் இந்தச் சீட்டில் உட்காருவார் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மச்சான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்போ தப்பு உங்க மேலதானே, என்ன தைரியத்தில் எனக்குப் புத்தி சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார்.

"ஆமா, என் தப்புதான். அதுக்காக உன்னைச் சாக விட முடியாது. வண்டி போகாது."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒயரின் இரண்டு முனைகளையும் பல்லால் சீவி முறுக்கினார். பஸ்ஸர் அலறியது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து அலறியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பின்கதவு வழியாக மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"அக்கா, நீயே சொல்லு இவர்கிட்ட" என்று தம்பி கத்தினார்.

சாக்பீஸ் மனைவியைக் கையசைத்து ஜன்னலருகே அழைத்தார். ஊசியைக் காட்டினார். பிறகு அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணால் காட்டினார். அவர் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

"இறங்குடா கீழே."

முதலாளி இறங்கினார். முகம் தொங்கிவிட்டது. அன்றைய லோடு வேறு வண்டிக்குப் போகும், அடுத்த லோடும் அந்த வண்டிக்கே போகலாம். அந்த நஷ்டத்தை யாரும் மூடி மறைக்கவில்லை. அவர் சத்தத்தையாவது நிறுத்தலாம் என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். "அதை விடு. கத்தட்டும்."

சாக்பீஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடது பின்சக்கரத்துக்குப் போனார்.