நித்யாவின் சாப்பாட்டு மேசை

போன வாரம் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கிடங்கின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து சுக்கு மணம் வந்ததும் என் நடை தானாக மெதுவானது. கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்த புதிதில் இந்த மணம் எனக்குத் தலைவலி கொடுக்கும். பிறகு மூக்கு பழகி, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. என் மகள் நித்யாவின் பரீட்சை நாளுக்குப் பிறகுதான் மறுபடி தெரிய ஆரம்பித்தது.

பரீட்சை என்றதும் பேனாவும் பேப்பரும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். அவள் முதுகலையில் எடுத்தது இன்டராக்டிவ் மீடியா. பார்க்கிறவர் தொட்டால், நடந்தால், உட்கார்ந்தால் அதற்கேற்ப மாறுகிற படைப்புகளைச் செய்கிற படிப்பு என்று மூன்று முறை எனக்கு விளக்கினாள். நான் தோப்பும்படியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று முறை சொல்லியும் புரியாத பிள்ளையை நான் என்ன சொல்லித் திட்டுவேன் என்பது எனக்கே தெரியும். அதனால் உறவுக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்தான்" என்று முடித்துக்கொள்வேன். என் நாத்தனார் மட்டும் விடமாட்டாள். "அப்போ டிவியிலே வருவாளா?" என்பாள்.

கல்லூரி எர்ணாகுளத்தில், ஹாஸ்டல் தேவராவில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பாலம் தாண்டினால் போதும். இதற்கு ஹாஸ்டலா என்று கேட்காதவர்கள் இல்லை. "ராப்பகலா வேலை இருக்கும்மா" என்றாள். எனக்குக் கேட்டது வேறு: உன்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கணும்மா.

நித்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளமும் ஆங்கிலமும். என் மலையாள எழுத்தோ, ஒரு வரி தட்டுவதற்குள் பஸ் வந்துவிடும். அதனால் குரலில் செய்தி அனுப்பப் பழகினேன். வகுப்பு இடைவேளையில் ஒன்று, தோப்பும்படி பஸ் ஸ்டாப்பில் ஒன்று, சாதம் வடிக்கும்போது ஒன்று. அவள் பதில் போடாவிட்டால் இன்னும் ஒன்று. "அவ என்ன சின்னக் குழந்தையா?" என்று என் கணவர் கேட்பார். ஆனால் நான் போனைக் கீழே வைத்ததும், "என்ன சொன்னா?" என்பார்.

கடைசி வருடம் முதல் மதிப்பீட்டில் நித்யா தேறவில்லை. ஒரு சுவர் நிறையப் படங்கள் ஓடுகிற மாதிரி ஏதோ செய்திருந்தாள். "தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. பார்க்கிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டாராம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் பட்டம் இல்லை. பெங்களூரில் பேசிவைத்திருந்த வேலையும் இல்லை.

இரண்டாவது மதிப்பீட்டுக்கு அவளும் சில மாணவர்களும் சேர்ந்து பஜார் ரோட்டில் இந்தக் கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். "பரீட்சை அன்னிக்கு வராதேம்மா. மறுநாள் வா, காட்டறேன்" என்று சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் வரை மூன்று செய்தி அனுப்பியும் பதில் இல்லை. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். பிள்ளை பட்டினியாக நிற்பாளே என்று தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் அவள் தோழி ஷெரின் நின்றிருந்தாள். நித்யாவுக்கு ஒயர் வேலையெல்லாம் அவள்தான். அவள் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம்.

"ஐயோ ஆன்ட்டி! இன்னிக்கு வரவேண்டாம்னு நித்யா பறஞ்சில்லே?"

"சாப்பாட்டைக் குடுத்துட்டுப் போயிடறேன்டி."

"இங்க தாங்கோ, ஞான் குடுக்கறேன்."

கொடுத்திருப்பேன். அப்போது உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"நித்தீ, சாப்டியா?"

உள்ளே போனேன். சுக்கு மூட்டைகளை ஒதுக்கிய இடத்தில் எங்கள் வீட்டு மேசை மாதிரி ஒன்று. அதில் ஒரு காலித் தட்டு, ஓரமாக ஒரு வாழைப்பழம், பிஸ்கட் பாக்கெட். நாற்காலியில் தேர்வாளர். சுவரோரம் மாணவர்கள். நித்யா கைகட்டி நின்றிருந்தாள். மேசைக்குள்ளிருந்து நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"மணி ரெண்டாச்சு. சாப்டியா இல்லையா?"

"யாரு கூட இருக்கே? ஏன் எடுக்க மாட்டேங்கறே?"

"மீன்காரன்கூட நின்னு ரெண்டு வார்த்தை பேசறான். நீ பேச மாட்டேங்கறே."

யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் எழுந்தார், "எங்கே போறே?" என்றேன். உட்கார்ந்தார்; மறுபடி ஆரம்பித்தேன். அக்கறை என்று நினைத்து அனுப்பியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோது போலீஸ்காரி விசாரிப்பதுபோல் இருந்தது. எப்படியாவது அந்தப் பொம்பளை வாயை மூடினால் போதும் என்று இருந்தது. நேராகப் போய் டிபன் கேரியரைத் தட்டில் வைத்தேன்.

குரல் நின்றது.

தட்டுக்கு அடியில் எடை அறிகிற கருவி இருந்ததாம். தட்டில் எதையாவது வைத்தால்தான் நான் ஓய்வேன். அதை உட்கார்ந்திருப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பார்க்கிறவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு ஆறு மாதம் யோசித்து அவள் வைத்திருந்த பதிலை, நான் ஒரு கேரியரை வைத்து உடைத்துவிட்டேன்.

"இவங்க நடிகையா? இதுவும் இதிலே சேர்ந்ததா?" என்று தேர்வாளர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். நித்யா என்னைப் பார்த்தாள். "இல்ல சார். அம்மா" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க குரலை எடுத்துக்க நீங்க சம்மதிச்சீங்களா?"

அவள் கண்ணில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். என்னிடம் அவள் கேட்கவேயில்லை.

"ஆமா சார். கேட்டுட்டுத்தான் எடுத்தா" என்றேன். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளைகள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

அவர் கேரியரைத் தட்டிலிருந்து மெல்ல எடுத்தார். மேசை மறுபடி பேசியது. இந்த முறை ஒரே வரி.

"சரிடி. இனிமே கேக்க மாட்டேன்."

அதோடு முடிந்தது. அவர் எழுந்து நின்றபோதும் மேசை ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை அவள் "என்னை விடும்மா" என்று கத்திய சாயங்காலம் நான் அனுப்பியது அது. மறுநாள் காலையே வாக்கை மீறி, சாயா குடிச்சியா என்று கேட்டிருந்தேன். நான் மறந்துவிட்டேன். அவள் அதைக் கடைசியில் வைத்திருந்தாள்.

தேறிவிட்டாள். கிடங்கை மூன்றாம் நாள் காலி செய்து கொடுத்தார்கள். மேசையை யாரோ வாங்கிப் போனார்கள். பெங்களூர் போகுமுன் ஒரு நாள், "கோபமாம்மா?" என்று கேட்டாள். "எதுக்கு?" என்றேன்.

இப்போதும் பஸ் ஸ்டாப்பில் போனை எடுத்து வாயருகே வைத்துப் பேசுகிறேன். அனுப்புமுன் காதில் வைத்து ஒருமுறை கேட்பேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்நியனுக்குக் கேட்பதுபோலவே எனக்கும் கேட்கும். அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சாப்பிட்டாயா என்பதை மலையாளத்தில் "கழிச்சோ?" என்று தட்டி அனுப்புகிறேன். முன்பெல்லாம் சாப்பிட்டாளா என்று தெரிய ஒரு நாள் ஆகும். இப்போது பஸ் வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

"கழிச்சு."